சீட்டில்லாமல் கொடுத்த மாத்திரை

கொடைக்கானலில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு அறுவடை நடக்கும்போது என் கடையில் வலி மாத்திரை கூடுதலாக ஓடும். மூட்டை தூக்குகிறவர்கள், நாள் முழுக்கக் குனிந்து பூண்டு பிடுங்குகிற பெண்கள், எல்லோருக்கும் வலி ஒரே இடத்தில்தான்: கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். “அண்ணே, நரம்பு சுருட்டிக்கிச்சு, ஒரு அட்டை குடுங்க” என்பார்கள். கொடுத்தேன். வருடக்கணக்காகக் கொடுத்தேன்.

அந்த அட்டையில் இருந்தது டைக்ளோஃபினாக். அதை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. அது இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்தியல் படித்துத் தேறியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று கணக்குப் பார்த்தேன்.

சுமை தூக்கும் தம்பி ஒருவர் அப்படியே வாங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு மூட்டைக்குப் போவார். ஒருநாள் மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு. பிழைத்துவிட்டார்.

தேறி வந்தவரின் தோளை அன்றுதான் தொட்டுப் பார்த்தேன். அதுவரை மாத்திரை வாங்க வந்த ஒருவரையும் நான் தொட்டதில்லை. தோள் மேட்டில் தசை விறைத்து நின்றது. நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். “அண்ணே, பொட்டுல இழுக்குதுண்ணே!” என்று நெற்றியோரத்தைப் பிடித்துக்கொண்டார். தலைவலிக்கென்று தனியாக அவர் வாங்கிப்போன மாத்திரைகளும் இந்த முடிச்சுக்குத்தான் போயிருக்கின்றன.

எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலியைக் காட்டும் என்பதை ஜேனட் டிராவல் என்ற அமெரிக்க மருத்துவர் டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983லேயே படம் போட்டுப் புத்தகமாக்கிவிட்டார். ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். ஓயாத பாரத்தில் தசை நாரின் ஒரு பகுதி சுருங்கியபடியே நின்றுவிடுகிறது, அங்கே ரத்த ஓட்டம் குறைந்து வலி தங்கிவிடுகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். மாத்திரை வலியை மறைக்கும். மறுநாள் அதே தோளில்தான் மூட்டை ஏறும்.

இப்போது வருகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: வெந்நீர்த் துணி ஒற்றடம், பிறகு முடிச்சின் மேல் அரை நிமிடம் பொறுக்கிற அளவுக்கு அழுத்தம், கன்றிப்போகிற அளவுக்கு வேண்டாம், தலையை எதிர்ப்பக்கம் மெதுவாகச் சாய்ப்பது, மூட்டையைத் தோள் மாற்றித் தூக்குவது. நம் ஊர்த் தைலம் சூடு காட்டும், இதமாயிருக்கும், முடிச்சைக் கரைக்காது. கை மரத்தாலோ, தோள்வலியோடு நெஞ்சடைத்து வியர்த்தாலோ டாக்டரிடம் ஓட வேண்டும்.

அந்தத் தம்பி இன்றும் டாக்டர் சீட்டோடு என் கடைக்குத்தான் வருகிறார். நான் கொடுத்த மாத்திரைதான் அவர் வயிற்றைப் புண்ணாக்கியது என்று அவர் முகத்தைப் பார்த்து நான் இன்னும் சொல்லவில்லை. ஊருக்குச் சொல்லும் முன் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இது அச்சில் வருவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.