பெயரும் பகிர்வும்

சம்பூரின் கரையைத் தழுவிக் கிடப்பது கொட்டியாரக் குடா. புயலில் இழந்த பாய்மரத்துக்கு ஈடு தேடி அக்குடாவை அடைந்த ஆங்கிலக் கப்பலொன்றின் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் 1660 இல் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். 1679 இல் தப்பிச் சென்ற நொக்ஸ், இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கியவர் றொபேட் ஊக். பௌதிகம் பயில்வோர் ‘ஊக்கின் விதி’ வாயிலாக அறிந்த அறிஞர் அவரே.

ஊக், கிரெசாம் கல்லூரியிற் கேத்திரகணிதப் பேராசிரியராகவும் றோயல் சங்கத்தின் உறுப்பினராகவும் விளங்கியவர். கடலோடிகள் கண்டறிந்தவை அவர்களோடு மாய்ந்துவிடலாகாது, அவற்றைக் கேட்டெழுதி உலகறியச் செய்தல் வேண்டும் என்பது அம்முன்னுரையின் கருத்து.

ஆயின், தம்மையொத்த அறிஞரிடம் அவர் நடந்துகொண்ட முறை வேறு. 1675 இல் ஒல்லாந்தரான ஹைகன்ஸ் சுருள்வில் பொருத்திய மணிப்பொறியை அறிவித்தபோது, தமது கருத்தைச் சங்கத்தின் செயலாளரே அவருக்குத் தெரிவித்துவிட்டார் என ஊக் ஐயுற்றார். மறு ஆண்டு, வில்லின் விதியை 14 இலத்தீன் எழுத்துக்களைக் குலைத்து அடுக்கிய புதிராகவே வெளியிட்டார். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவே என்னும் அதன் பொருளை 1678 இலேதான் விடுவித்தார். முதலிற் கண்டவர் என்னும் உரிமை காக்கப்பட்டது. விதியோ ஈராண்டு பூட்டிக் கிடந்தது.

ஒருவரிடமே இவ்விரு இயல்பும் அமைந்தது எங்ஙனம்? நொக்ஸின் அறிவு வெளிப்படுவதால் ஊக்கின் புகழ் குன்றுவதற்கில்லை. நொக்ஸுக்கோ நூலின் முகப்பிலே தம் பெயரே நின்றது. ஆர்வத்தோடு கேட்பார் ஒருவரும் வாய்த்தார். பின்னாளிலும் அவர் அயல்நாட்டு அரும்பொருள்களை ஊக்குக்குக் கொணர்ந்தளித்தார். சக அறிஞரிடையேதான் முந்தியவர் யார் என்னும் அச்சம் குறுக்கே நின்றது.

இன்றைய பல்கலைக்கழகத்திலும், விரிவுரையாளர் ஒருவர் தம் களக்குறிப்பை அடுத்த அறையினருக்குக் காட்டத் தயங்குவதை உலோபம் என்று பழித்தல் எளிது. பெயர் பொறித்த கட்டுரைகளைக் கொண்டே பதவியுயர்வு அளக்கப்படும் இடத்தில் அத்தயக்கம் இயல்பே. சுற்றறிக்கைகள் அதனைப் போக்கமாட்டா. பெற்றவர் தாம் பெற்றதைக் கொடுத்தவர் பெயர் சொல்லி அவையிலே ஒப்புக்கொள்ளும் வழக்கம் வேரூன்றிய துறையிலேதான் அடுத்த குறிப்பேடும் கைமாறும்.