இரண்டு நிமிட ஆகாயப் பயணம்

இருக்கை பெல்ட்டைச் சரிசெய்து நிமிர்வதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கி.மீ.தான். அட்டவணைப்படி பயண நேரம் 2 நிமிடம். காற்று ஒத்துழைத்தால் ஒன்றரை நிமிடம் போதும். சாதனை 53 விநாடி. பயணிகளுக்கான வழக்கமான விமான சேவைகளில் உலகிலேயே மிகக் குறுகியது இதுதான்.

தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும் என்ற கணக்கு ஐரோப்பிய வானில் சரிப்படுவதில்லை. லண்டன் ஹீத்ரோவுக்கும் பாரீஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 350 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடிய ஜெட் விமானத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகக் கூடாது. ஆனால் அட்டவணையில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, கிளம்ப வரிசையில் நிற்பது, இறங்க அனுமதி கேட்டு வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். வெஸ்ட்ரேயில் இந்தச் சடங்குகள் கிடையாது. ஆனாலும் 2 நிமிடத்தில் 2.7 கி.மீ. என்றால் மணிக்கு 81 கி.மீ.தான் வருகிறது. நம் நெடுஞ்சாலை பஸ்ஸின் வேகம்!

1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் இந்தச் சேவையை நடத்துகிறது. விமானம் ஐலண்டர் ரகம்: இரண்டு விசிறிகள், எட்டுப் பயணிகள், ஒரே ஒரு விமானி. (இந்தியக் கடற்படையும் இதே ரக விமானங்களை வைத்திருந்தது.) இடம் இருந்தால் பயணி ஒருவர் விமானியின் பக்கத்திலேயே உட்காரலாம். சுற்றுலா வருபவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. பறந்ததற்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும் ஆசையும் உண்டு.

தீவுக்காரர்களுக்கோ இது டவுன் பஸ். தலைநகரான கிர்க்வாலிலிருந்து கிளம்பும் விமானம் இரண்டு தீவுகளையும் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. இரண்டு நிமிடம் என்பது அந்தச் சுற்றில் ஒரு துண்டு மட்டுமே. பெரிய ஆஸ்பத்திரியும் மேல்நிலைப் படிப்பும் கிர்க்வாலில்தான். கடல் வழியாகப் போவதானால் சின்னப் படகில் வெஸ்ட்ரே, அங்கிருந்து வண்டி பிடித்து அதன் தென்முனை, பிறகு கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரம். நேரே பறந்தால் 20 நிமிடம். அரசுப் பணம் இல்லாமல் இப்படியொரு சேவை ஓடாது. ஆர்க்னி தீவுகள் கவுன்சில்தான் கைகொடுக்கிறது. விமானத்தில் ஏறுபவர்களை எண்ணிப் பார்த்தால் வீண்செலவு என்று தோன்றலாம். தீவில் இருப்பவர்களை எண்ணினால் அப்படித் தோன்றாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முந்நூறு பேருக்கு மேல் வாழ்ந்த பாப்பா வெஸ்ட்ரேயில் 2001 கணக்கெடுப்பின்போது மிஞ்சியவர்கள் 65 பேர். 2011ல் அது 90 ஆனது. இத்தனைக்கும் இங்கே மனிதன் குடியேறியது நேற்று அல்ல. கடலோரத்தில் நிற்கும் நாப் ஆஃப் ஹோவர் கல்வீடுகளுக்கு வயது 5,500க்கு மேல். எகிப்தின் பிரமிடுகளைவிட மூத்தவை. வடமேற்கு ஐரோப்பாவில் இன்னும் சுவரோடு நிற்கும் மிகப் பழைய வீடுகளில் இவையும் அடங்கும். குனிந்துதான் நுழைய வேண்டும்.

இருக்கும் ஒரே தொல்லை வானிலை. மூடுபனி இறங்கிவிட்டால் ஐலண்டர் கிளம்பாது. அன்றைக்கு எதிரே தெரியாத அந்த 2.7 கி.மீ.யைக் கடக்கப் படகுதான். கடலும் கொந்தளித்தால், மறுநாள்தான்.