மோட்டார் ஓடாத ஊர்

கஜா புயல் வருவதற்கு முந்தின நாள் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிக் கடைத்தெருவில் மெழுகுவத்தி கிடைத்தது, ரொட்டி கிடைத்தது, டார்ச்சுக்குப் பேட்டரி கிடைத்தது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்து சொன்னார்கள்: ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள், செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள், கீற்று வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள். சொன்னபடியே செய்தோம். கடலோர மாவட்டங்களில் 80 ஆயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அரசின் முன்னேற்பாட்டை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலினே பாராட்டினார். பிற்பாடு அதை வைத்து நிறைய கேலி நடந்தது. என்னைக் கேட்டால், 2018 நவம்பர் 15 ராத்திரியைப் பொறுத்தவரை அது நியாயமான பாராட்டுதான். அந்த ஒரு ராத்திரிக்குத்தான் எல்லோரும் திட்டம் போட்டிருந்தோம் என்பதுதான் விஷயம்.

நள்ளிரவு தாண்டிப் புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது விடியலுக்கு முந்தைய இருட்டு. எங்களுடையது தளம் போட்ட வீடு என்பதால் அக்கம்பக்கத்துக் கீற்று வீட்டுக்காரர்கள், ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லாம் எங்கள் கூடத்தில்தான் இருந்தார்கள். தென்னை முறிகிற சத்தம் ஒன்று, சாய்கிற சத்தம் வேறு. முறிந்தால் பட்டென்று வெடிக்கும். சாயும்போது முதலில் மண்ணுக்குள் நரநரவென்று வேர் அறுபடும். பிறகு ஒன்றும் கேட்காது. பிறகு தரை அதிரும். பிள்ளைகள் முதலில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதையும் விட்டுவிட்டார்கள்.

வடக்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று ஒரு கட்டத்தில் நின்றது. அப்பாடா என்று சித்தப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடுகளைப் பார்க்கக் கிளம்பினார். அப்பாவைப் பெற்ற அப்பாயி எழுந்து போய்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டது.

"எங்கடா போற? இன்னும் பாதி இருக்கு. தெக்கத்திக் காத்து இனிமேத்தான் வரும்."

"மழகூட விட்டுப்போச்சு அப்பாயி, கட்டுத்தறில கன்னுக்குட்டி கத்துதுல்ல" என்று பின்னாலிருந்து ஒரு பையன் சொன்னான்.

"கத்தட்டும். கதவத் தொறந்தா ஒன்னயும் சேத்துல்ல தேடணும்."

1952 கார்த்திகைப் புயலை அப்பாயி சின்னப் பெண்ணாகப் பார்த்தது. அந்தப் புயலிலும் இப்படித்தான் நடுவில் அடங்கியிருக்கிறது. வெளியே போனவர்கள் திரும்பவில்லை. எங்களுக்கு வந்து சேர்ந்த அறிவிப்பு எதிலும் இந்த நடு அமைதியைப் பற்றி ஒரு வரி இல்லை. வானிலைக்காரர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை இது. புயலின் கண் கடந்துபோனால் காற்று திசை மாறி அடிக்கும் என்பது பாலபாடம். எங்கள் கூடத்தில் அது அப்பாயிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. சித்தப்பா முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து அடித்த அடியில்தான் மாட்டுக்கொட்டகை போனது.

காலையில் கதவைத் திறந்தால் ஊர் வெளிச்சமாக இருந்தது. தோப்புகள் இருந்த இடத்தில் வானம். இதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, புகைப்படங்களும் இருக்கின்றன. நான் தண்ணீருக்கு வருகிறேன்.

எங்களுடையது கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியாது என்று ஆளாளுக்குப் போர் போட்ட ஊர். முந்நூறு அடிக்குக் கீழே தண்ணீர், அதற்குள் நீர்மூழ்கி மோட்டார். மேல்நிலைத் தொட்டி வந்த பிறகு அடிபம்புகள் துருப்பிடித்து, கைப்பிடி கழன்று, மாடு கட்டும் முளையாகிப்போயின. திறந்த கிணறுகளில் பாதி மட்டையும் குப்பையும் போட்டுத் தூர்ந்துவிட்டன. புயலுக்கு மறுநாள் தொட்டியில் இருந்த மிச்சம் தீர்ந்தது. வயலெல்லாம் மழைத் தண்ணீர் நிற்கிறது, வாய்க்கால் ஓடுகிறது, குடிக்க ஒரு குடம் இல்லை. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டால் மின்வாரிய ஊழியர் விழுந்து கிடந்த கம்பங்களைக் கையால் காட்டினார். மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்திருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் விளக்கு எரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

வெளியூரிலிருந்து குட்டியானை வண்டிகளில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை, டீசல் நம்முடையது. ஊரில் வசூல் செய்து ஒன்றைப் பிடித்தோம். கொண்டுவந்து ஊராட்சித் தொட்டி மோட்டாரில் மாட்டினால், மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர் வருகிறது. மோட்டார் போய்விட்டது என்று ஆளாளுக்குத் தலையில் கைவைத்தார்கள். பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் பையன் வந்து பார்த்து, மூன்று பேஸ் ஒயரில் இரண்டை மட்டும் இடம் மாற்றி மாட்டினான். அதுவரை மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றியதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. மெழுகுவத்தி வாங்கச் சொன்ன பட்டியல் எதிலும் இந்தப் பையன் இல்லை. ஊரில் யாருக்கு என்ன வேலை தெரியும், யார் வீட்டில் என்ன கருவி இருக்கிறது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. மரம் அறுக்கும் மெஷின் ஒரே ஒரு மரக்கடைக்காரரிடம் இருந்தது. பாதையை மறித்துக் கிடந்த மரங்களைக் கோடாலியால் வெட்டி ஓய்ந்த பிறகுதான் அது பலருக்கு ஞாபகம் வந்தது.

பணமும் அப்படித்தான். ஏடிஎம் செத்துவிட்டது, வங்கி திறக்கவில்லை. கையில் சில்லறை நோட்டு வைத்திருந்தவர்களுக்கு டீசல் கிடைத்தது. கணக்கில் லட்சம் இருந்தவர்கள் கடன் கேட்டார்கள். செல்போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டர்காரர் தனியாகக் காசு வாங்கினார். சார்ஜ் போட்டும் என்ன, டவர் சாய்ந்து கிடந்தது. 1077க்குக் கூப்பிடுங்கள், 1070க்குக் கூப்பிடுங்கள் என்று நம்பரைச் சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள்; எதைக்கொண்டு கூப்பிடுவது? திருச்சி வானொலியைக் கேட்க முடிந்தவர் ஊரிலேயே டீக்கடைத் தாத்தா ஒருவர்தான். பேட்டரி ரேடியோவைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்காக அவரைச் சுற்றி எப்போதும் கூட்டம்.

நிவாரண வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வந்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெயின் ரோட்டில் நிறுத்தி, மெயின் ரோட்டில் நின்றவர்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே காலனித் தெருவுக்குத் தார்ப்பாய் போய்ச் சேர வெகு நாளானது. மேல் கூரையே இல்லாத வீடுகள் அங்கேதான் அதிகம். புயல் ராத்திரியில் எங்கள் கூடத்துக்கு வந்தவர்களில் அந்தத் தெருக்காரர்கள் ஒருவரும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். நாங்கள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. ஊர்த் திட்டம் என்று ஒன்று போட்டால் முதலில் பேசவேண்டியது இதைத்தான். எந்தக் கூட்டத்திலும் அதை மட்டும் தொடாமல் எழுந்துவிடுகிறோம்.

கம்பம் நட வெளிமாவட்டக்காரர்களும் கேரள மின்வாரிய ஆட்களும் வந்தார்கள். சேறு கிடந்த வயலுக்குள் லாரி போகாது. எங்கள் பையன்கள்தான் கம்பத்தைத் தோளில் தூக்கிப் போனார்கள். ஊரே சேர்ந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டது.

விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு கொடுத்தது. தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று அப்போதே இருந்தது. 16 முதல் 60 வயது வரையிலான மரத்துக்கு அப்போது ஆண்டு பிரீமியம் 14 ரூபாய். முக்கால் பங்கைத் தென்னை வளர்ச்சி வாரியமும் மாநில அரசும் கட்டின, விவசாயி பங்கு மூன்றரை ரூபாய். மரம் போனால் 1,750 ரூபாய். எங்கள் தெருவில் ஒருவரும் கட்டியிருக்கவில்லை. புயல் வந்து தென்னை போகும் என்று யார் நினைத்தார்கள்? நெல்தான் அழியும், வாழைதான் சாயும், தென்னை நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வங்கிக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் அந்த நம்பிக்கையின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

2020 நவம்பரில் நிவர் புயல் வருகிறது என்றார்கள். எங்கள் மாவட்டத்திலும் பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடவை மெழுகுவத்தி வாங்க யாரும் ஓடவில்லை. கரண்ட்டை நிறுத்துவதற்கு முன்னால் தொட்டியை நிரப்பினோம், வீட்டில் இருந்த அண்டா, டிரம், குடம் அத்தனையும் நிரம்பின. இரண்டு அடிபம்புகளைப் பழுது பார்த்திருந்தோம். ஊராட்சி மோட்டார் அறையில் ஜெனரேட்டரை நேராக மாட்டிக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்து, எந்த ஒயர் எதில் என்று எலக்ட்ரீஷியன் தம்பி பெயின்ட்டால் எழுதியிருந்தான். மாடுகளைத் தறியிலிருந்து அவிழ்த்துவிட்டோம். தப்பிப் பிழைத்த தென்னைகளில் மட்டையையும் இளநீரையும் வெட்டித் தலையின் பாரத்தைக் குறைத்தார்கள். தனியாக இருக்கும் கிழவிகள், மாசமாக இருக்கும் பெண்கள், இன்சுலின் போடுகிறவர்கள் பெயரெல்லாம் ஒரு நோட்டில் இருந்தது.

நிவர் எங்களை விட்டுவிட்டு வடக்கே புதுச்சேரிப் பக்கம் போய்க் கரையேறியது. அடுத்த வாரமே புரெவி. மறுபடியும் அண்டா, டிரம், குடம். அதுவும் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து மழையோடு போய்விட்டது. "இவனுங்களுக்கு வேற வேலை இல்ல" என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஜெனரேட்டருக்கென்று ஊர்ப் பணத்தில் வாங்கி வைத்த டீசல் ஒரு கேன் மிச்சம் இருந்தது. தை மாதம் அறுப்பு நடந்தபோது அதைக் காணோம். எடுத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், கேட்டால் அடுத்த புயலுக்குள் வாங்கி வைத்துவிடுகிறேன் என்கிறார். கிராம சபையில் அதற்கு ஒரு பூட்டு போட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. சாவி யாரிடம் இருப்பது என்பதில் இன்னும் முடிவு வரவில்லை.