அதிர்வு

வேளிமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலிக்குக் கிட்டார் வாசிப்பவன் ஒரு கல்லூரி மாணவன். சென்ற ஆண்டு பாஸ்கா காலத்தில், காணிக்கைப் பாடலின்போது வண்டு முரல்வதுபோல் ஓர் ஒலி எழத் தொடங்கியது. அவன் வாசிப்பை நிறுத்தினால் அதுவும் நின்றது. மூன்று ஞாயிறு பொறுத்தேன். நான்காம் ஞாயிறு, பாடகர் குழுவினர் அனைவரும் கேட்க, “கை பழகாமல் பீடத்தருகே வராதே” என்று கடிந்துவிட்டேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, ஆலயத்தின் மாண்புக்கு ஏற்ற கருவிகளையே அனுமதிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் மறுமொழி கூறவில்லை. அடுத்த ஞாயிறு வரவுமில்லை.

பங்கிற்குச் சொந்தமான அந்தக் கிட்டாரை நாகர்கோவிலில் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். ஆறு கம்பிகளையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி அவர் மீட்டிப் பார்த்தார். ஒரே இடத்தில் மட்டும் இரைந்தால் அடுத்த மெட்டு உயர்ந்திருக்கும். அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் கழுத்தின் தலைப்பில் கம்பி தங்கும் பள்ளம் ஆழ்ந்திருக்கும். பல மெட்டுகளில் இரைந்தால் கழுத்தின் வளைவு மாறியிருக்கும் என்று விளக்கினார். இரு பருவமழைகளையும் காணும் நம் மாவட்டத்தில் மரம் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்குவது இயல்பு. முறுக்காணிகளின் திருகுகளையும், உள்ளே ஒட்டப்பட்ட மரச்சட்டங்களையும் சோதித்தபின் கருவியைத் திருப்பித் தந்தார்.

“இதுல குத்தம் ஒண்ணுமில்ல சாமி. வாசிக்கிற எடத்தப் பாருங்க. காத நம்பாதீங்க, வெரல வைங்க. எதத் தொட்டா சத்தம் நிக்குதோ, அங்கதான் குத்தம்.”

அன்று மாலை உபதேசியாரிடம் கிட்டாரைக் கொடுத்து, ஒலிபெருக்கியில் இணைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டச் சொன்னேன். ஐந்தாம் கம்பியில் அந்த ஒலி எழுந்தது. நொடிக்கு 110 முறை அதிரும் கம்பி அது. அதே அளவில் அதிரக்கூடிய பொருள் அருகில் தளர்ந்து கிடந்தால், தொடாமலே அதுவும் சேர்ந்து நடுங்கும். சன்னல் கண்ணாடியைத் தொட்டேன், ஒலி நிற்கவில்லை. மெழுகுதிரித் தண்டுகளைத் தொட்டேன், நிற்கவில்லை. வாசகமேடை விளக்கின் தகரக் கவிகையில் விரலை வைத்தேன். ஒலி அடங்கியது. பல்பு மாற்றியபோது நானே சரியாக முடுக்காமல் விட்ட திருகு அது. பீடத்தருகே நின்ற எனக்குத்தான் அந்த ஒலி மிகுதியாகக் கேட்டிருக்கிறது.

யாழ் நரம்பின் குற்றங்களைச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்காகச் சொல்கிறது சிலப்பதிகாரம். ஓசை சிதறுவதையே அதிர்வு என்பர் உரையாசிரியர். ஆனால் தம்புராவில் கம்பிக்கு அடியில் நூலிழை செருகி, ரீங்காரத்தை நாமே வேண்டி வரவழைக்கிறோம். இரைச்சல் எல்லாம் குற்றமல்ல. குற்றமே ஆனாலும், அது யாருடையது என்று தேடாமல் தீர்ப்புச் சொல்லலாகாது. குருமடத்தில் மனச்சான்றைப் பற்றிப் பல ஆண்டுகள் படித்த எனக்கு இதைக் கற்பிக்க ஒரு திருகு வேண்டியிருந்தது.

அவன் வீட்டிற்குச் சென்று நடந்ததைச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும் சாமி. வீட்டுல கொண்டுபோய் வாசிச்சா அந்தச் சத்தம் வராது.”

“அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, மக்களே?”

“நீங்க கேக்கலியே, சாமி.”

அந்தச் சொல்லுக்கு என்னிடம் விடையில்லை. அடுத்த ஞாயிறு, அவனைக் கடிந்த அதே பாடகர் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலைகுனிந்தபடி ஐந்தாம் கம்பியைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். ஆலயத்தில் வேறு ஒலியேதும் எழவில்லை.

இப்போது பங்கில் எங்கேனும் இரைச்சல் கேட்டால், முதலில் எனக்கு அருகில் உள்ளதைத் தொட்டுப் பார்க்கிறேன்.