புகைந்த அம்பாசடரும் புது வயரிங் செட்டும்

கழுகுமலைப் பக்கத்துக் கரிசலில் எட்டு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் அந்த விவசாயியின் வீட்டுக்கு, டிராக்டர் வருவதற்கு முன்பே அம்பாசடர் வந்துவிட்டது. பருத்தி கைகொடுத்த ஒரு வருஷத்தில், அவருடைய அப்பா கோவில்பட்டியில் பழைய வண்டியாக வாங்கியது. 1977-ம் வருஷத்து மார்க் 3, பெட்ரோல் வண்டி. ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போகும். பங்குனி உத்திரத்துக்குக் கழுகாசலமூர்த்தி கோயிலுக்கு வருகிற சொந்தபந்தங்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்றி வந்ததும் அதுதான். அப்பா காலமான பிறகும் அவர் அதை விற்கவில்லை.

போன ஐப்பசியில் அந்தக் கார் ஒரு குடும்பத்தையே நடுரோட்டில் இறக்கிவிட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு ராத்திரி வலி எடுக்க, மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குக் கிளம்பினார். 20 கிலோமீட்டர்தான். மழை வேறு. பாதி வழியில் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ரப்பர் கருகும் வாடை, அடுத்து புகை, அடுத்து ஹெட்லைட் இரண்டும் அவிந்துவிட்டன. வண்டியை ஓரங்கட்டி, இருவரையும் மழையில் இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி எறிந்தார். பின்னால் வந்த லோடு ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு போனதால் பிரச்னை இல்லை. விடியற்காலையில் பேரன் பிறந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னது ஒரே வார்த்தை: “இனி அந்த வண்டி வாசல்ல நிக்கக் கூடாது.” பழைய இரும்புக்காரரும் வந்து பார்த்து எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போனார். மனைவியின் கோபம் நியாயமானது. புகைந்தது ஏன் என்று தெரியாமல் அந்தக் காரை இன்னொரு முறை எடுப்பது, பிளந்த வயரோடு பம்புசெட்டைப் போடுவது மாதிரிதான்.

கோவில்பட்டியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் தம்பி டேஷ்போர்டைக் கழற்றியபோது காரணம் ஒன்றல்ல, நாலு கிடைத்தது. கார் நின்ற தகரக் கொட்டகையிலேயே மக்காச்சோள மூட்டைகளையும் அடுக்கியிருந்தார்கள். சோளத்துக்கு வந்த எலி, பல்லைத் தேய்க்க வயரைக் கடித்திருந்தது. முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில், பாட்டுப் பெட்டிக்கும் இரட்டை ஹாரனுக்கும் ஓடுகிற வயரையே சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள். ஹெட்லைட்டில் 100 வாட்ஸ் பல்பு.

கடைசியில் சொன்னதுதான் புகைக்குக் காரணம். கணக்கு எளிது. வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். பழைய 45 வாட்ஸ் பல்பு இரண்டு என்றால் 90 வாட்ஸ். 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர். 100 வாட்ஸ் பல்பு இரண்டு போட்டால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். அவ்வளவும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக, நாற்பது வருஷத்துக்கு மேல் பழசான வயரில் போகிறது. இந்தக் கார்களின் பழைய மாடலில் இருப்பது இரண்டே ஃபியூஸ். ஹெட்லைட் லைனுக்கு ஃபியூஸே கிடையாது. ஆகவே ஃபியூஸுக்குப் பதிலாக வயரே எரிந்தது. மோட்டார் ரூமில் ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவிட்டு, காயில் கருகிய பிறகு தலையில் கை வைக்கிறோமே, அதே கதை.

“வெட்டி ஒட்டி ஓட்டிரலாம் அண்ணாச்சி. ஆனா அடுத்த ஐப்பசியில எங்க நிப்பீகன்னு சொல்ல முடியாது” என்றார் தம்பி. முழு வயரிங் செட்டையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதத்தோடு அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் ஓடுகிற வண்டிகள் இருப்பதால், வெளிக் கம்பெனிகள் செய்யும் வயரிங் செட் மதுரை மாதிரி ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. ஒரு மூட்டை உளுந்து விற்ற காசுக்குள் செட்டின் விலை அடங்கியது. மனைவி ஒரு நிபந்தனை போட்டார்: வேலை முடிந்ததும் தம்பி தன் முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட வேண்டும்.

காட்டில் வேலை இல்லாத பங்குனியில் ஆரம்பித்தார்கள். முதல் வேலை பேட்டரியின் எர்த் டெர்மினலைக் கழற்றுவது. இரண்டாவது, பழைய செட்டை உருவாமல் இருப்பது! இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பழைய வயரை ஒரே மூச்சில் பிடுங்கிப் போட்டுவிட்டால், எது எங்கே போனது என்று சொல்ல ஆள் இருக்காது. கல்யாணப் பத்திரிகைகளைப் பட்டை பட்டையாக நறுக்கி, ஒவ்வொரு முனையிலும் ‘இடது டெயில் லைட்’, ‘ஹாரன்’, ‘டைனமோ பெரிய முனை’ என்று எழுதிக் கட்டினார்கள். எழுதியது மகள், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு. போனில் படமும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு முழு நாள் இதற்கே போனது.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து பிறந்தது அம்பாசடர். அதனால் வயர் நிறங்களும் அந்த நாட்டு லூகாஸ் கம்பெனி முறைதான். பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு. சாவி போட்டால் உயிர் வருவது வெள்ளை. அந்த வெள்ளை ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. ஹெட்லைட்டுக்கு நீலம், சின்ன லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் தூர வெளிச்சம், சிவப்புக் கோடு இருந்தால் டிம். இது தெரிந்தால் பாதி வயரிங் தெரிந்த மாதிரி.

ஆனால் வாங்கிய செட்டில் எல்லா நிறமும் இந்தக் கணக்கில் வரவில்லை. வெளியில் செய்யும் செட்களில் கையில் இருக்கிற நிற வயரைப் போட்டுவிடுவதும் உண்டு. இடது இண்டிகேட்டருக்கு இருக்க வேண்டிய பச்சை-சிவப்பு வலது பக்கம் போயிருந்தது. நிறத்தை நம்பி மாட்டியிருந்தால் இடது பக்கம் திரும்பும்போது வலது பக்கம் மினுங்கியிருக்கும். அதனால் புது செட்டைத் திண்ணையில் விரித்து, பழையதைப் பக்கத்தில் போட்டு, பேட்டரியும் சின்ன பல்பும் வைத்து முனைக்கு முனை சோதித்து, அதற்கும் பத்திரிகைப் பட்டை கட்டினார்கள். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, சோதிக்காமல் மாட்டக் கூடாது.

அடுத்து எர்த். கரிசல் மண் மழையில் அப்பினால் லேசில் விடாது. அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவேற்றும். எர்த் போல்ட் ஒவ்வொன்றையும் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினார்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் பட்டை எர்த் அறுந்து தொங்கியது. அது அறுந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கிற கரன்ட், ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சுட்டு உருகும். ‘சோக் கேபிள் அடிக்கடி இறுகிக்கொள்கிறது’ என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லி வந்ததற்கு விடை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

செட்டில் இல்லாத இரண்டைத் தம்பி சேர்த்தார். ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே. ஒன்று தூர வெளிச்சத்துக்கு, ஒன்று டிம்முக்கு. இப்போது சுவிட்ச் ரிலேயை மட்டும் இழுக்கிறது, பல்புக்கான கரன்ட் தனி ஃபியூஸ் வழியாகத் தடித்த வயரில் நேராகப் போகிறது. பாட்டுப் பெட்டிக்கும் ஹாரனுக்கும் தனித்தனி ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அதனால் வயர் தாங்குகிற அளவுக்குக் கீழேதான் ஃபியூஸ் இருக்க வேண்டும். 100 வாட்ஸ் பல்பை எடுத்துவிட்டு 60/55 போட்டார்கள். அந்தக் காரின் டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர்தான். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பேட்டரி இறங்கும்.

பேட்டரி மாட்டும் நேரம் வந்தது. நேராக மாட்டவில்லை. பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் 21 வாட்ஸ் பிரேக் லைட் பல்பு ஒன்றைக் கோத்தார் தம்பி. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். வயருக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் ஆஃபில் இருந்தால் பல்பு எரியவே கூடாது. தொட்டதும் பல்பு மங்கலாக எரிந்தது. இருவர் முகமும் விழுந்துவிட்டது. ‘ஐந்து நாள் வேலை போச்சா?’

“இங்கன பின்னாடி செவப்பு லைட்டு மினுங்குது, வந்து பாருங்க” என்றார் காரின் பின்னால் நின்ற மனைவி. டெயில் லைட்! சுவிட்சை யாரோ இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே தள்ளியதும் பல்பு அவிந்தது. அதற்குப் பிறகு சுவிட்ச் சுவிட்சாக மனைவிதான் போட்டுப் பார்த்தார். கால் அழுத்தி டிம் அடிப்பது உட்பட.

செலவு செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, பிறகும் ஏறியிருக்கிறது. இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். டிராக்டர் வைத்திருப்பவர்கள் எஞ்சின் எர்த் பட்டையையும் ஃபியூஸ் பெட்டியையும் மட்டுமாவது இந்தக் கோடையில் ஒரு தடவை திறந்து பார்க்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

மக்காச்சோள மூட்டைகள் இப்போது வேறு கொட்டகைக்குப் போய்விட்டன. மகளையும் பேரனையும் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டதும் அம்பாசடரில்தான். பகலில்தான் போக வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டார். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டால் மெதுவாகப் போகும்போதும் வெளிச்சம் மங்காது என்கிறார் தம்பி. “அடுத்த உளுந்து வீட்டுக்கு வரட்டும் தம்பி, பாத்துக்கிடுவோம்” என்று சொல்லி வைத்திருக்கிறார் அவர்.