வண்டியோடு தங்கும் இடம்

சத்திரமும் சாவடியும் கட்டி வழிப்போக்கருக்கு இடமளித்த தேசம் நம்முடையது. மேனாடுகளில் வீடு போன்ற வண்டியில் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களுக்கென்று இன்று தங்கும் மைதானங்கள் பல உண்டு. தண்ணீர், விளக்கு, குளிக்கும் அறை, கழிப்பிடம் யாவும் அங்கே கட்டணத்துக்குக் கிடைக்கும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களுக்கு அத்தகைய வசதியை எதிர்பார்த்து எவரும் வருவதில்லை. ஆயினும் வண்டியோடு தங்கும் வழக்கம் இங்கே மிகப் பழையது.

பாட்டி, குழந்தைகள் உள்பட நாங்கள் எட்டுப் பேர். ஒரு வேனில் அடுப்பு, அரிசி மூட்டை, தண்ணீர்க் குடங்கள், ஜமக்காளங்கள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து திருச்சி சாலையில் புறப்பட்டோம். பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ஆம் வருஷத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரம் இதன் அருகிலேதான். கோட்டையடியில் இரவு தங்கலாம் என்று குழந்தைகள் கெஞ்சினார்கள். பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னத்தில் அடுப்பு மூட்டுவது தகாது என்று அவர்களைத் தேற்றி, சிறுவாச்சூர் சென்றோம்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி வாரத்தில் திங்கள், வெள்ளி இரு நாட்களிலேதான் வழக்கமாகத் திறக்கும். ஆகவே ஞாயிறு இரவே பல ஊர் வண்டிகள் வந்து நின்றிருந்தன. பக்கத்து வண்டிக்காரர்கள் எங்கள் பாட்டிக்குப் பாய் விரித்துக் கொடுத்தார்கள். நாங்கள் அவர்களுக்குப் புளியோதரை கொடுத்தோம். அறிமுகத்துக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் சாத்தனூரில் கல்லான மரத்தைக் கண்டோம். நீளம் சுமார் 18 மீட்டர். வயது ஏறக்குறைய 12 கோடி வருஷங்கள். இதை 1940-இல் உலகறியச் செய்தவர் பூகர்ப்ப அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். அக்காலத்தில் இந்தப் பிரதேசம் கடலாக இருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லே இன்று அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்கு மூலதனம். கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவிலும் ஓடுவதால், இங்கே சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி உறங்குவது பெரும் அபாயம்.

அதனால் இரண்டாம் இரவைக் கல்லங்குறிச்சியில் கழித்தோம். கலியுக வரதராஜப் பெருமாள் அங்கே கற்கம்ப உருவில் வழிபடப்படுகிறார். திருவிழாக் காலத்தில் குடியானவர்கள் தானியமும் கையுமாக வந்து கூடும் தலம் அது. "மாட்டை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கித் தின்றுவிட்டு, வண்டிக்கடியிலேயே படுத்துக்கொள்வோம்" என்று பாட்டி தம் இளமையை வர்ணித்தார்கள்.

இவ்வளவும் இனிமைதான். ஆனால் பொழுது விடியுமுன் மறைவிடம் தேடி இருளில் நடக்க வேண்டியிருந்தது எங்கள் வீட்டுப் பெண்களே. ஆண்கள் பேசத் தயங்கும் இந்த ஒரு குறைதான் பல குடும்பங்களைப் பிரயாணமே வேண்டாம் என்று வீட்டில் இருத்துகிறது. ராஜேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் 2004-இல் உலக மரபுச் சின்னமாயிற்று; கரைவெட்டிப் பறவை ஏரி 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இவற்றைக் காண இனிக் குடும்பங்கள் பெருகி வரும். மாளிகை வேண்டாம். வேலியிட்ட ஒரு தோப்பு, ஒரு குழாய், ஒரு விளக்கு, சுத்தமான கழிப்பிடம், காவலுக்கு ஓர் ஆள் போதும். ஊராட்சிகள் கட்டணம் வாங்கியே இதை நடத்தலாம். தங்குவோர் கடமையும் ஒன்றுண்டு: புறப்படுமுன் எச்சில் இலையையும் அடுப்புச் சாம்பலையும் அகற்றி, அடுத்த வண்டிக்கு இடத்தைச் சுத்தமாக விட்டுச் செல்வது.