வேடம் யாருக்கு?

திருவருகைக் காலம் நெருங்கும்போதே சத்தியமங்கலம் வட்டாரத்துப் பங்குகளில் ஒரு தனிச் சுறுசுறுப்பு தோன்றிவிடும். பாடகர் குழுவினர் ஆர்மோனியத்தைத் தூசு தட்டி எடுப்பர். கிறிஸ்து பிறப்புக்குச் சிறுவரின் குடில் நாடகம், தவக்காலத்தில் பாடுகளின் பாடல்கள், அதனை அடுத்துப் பாஸ்கா, பின்னர்ப் பங்குத் திருவிழாவில் இசை நிகழ்ச்சியும் புனிதர் ஒருவரின் நாடகமும் என, சில மாதங்களுக்குரிய கலைப் பட்டியல் உருவாகும்.

வரும் பருவத்துக்கான பட்டியலைத் தீட்ட நம் பங்கு மக்கள் கூடியபோது, பேச்செல்லாம் மேடை, ஒளி, ஒலிபெருக்கி, வாடகை என்றே சுற்றி வந்தது. வெளியூர் நாடகக் குழுவை அழைத்துவிடலாம் என்றார் ஒருவர். நம்மவரே நடிக்கட்டும், வசனங்களை மட்டும் நல்ல குரல்களில் பதிவு செய்து ஒலிக்க விடலாம் என்றார் மற்றொருவர். அதுவரை வாளாவிருந்த மூதாட்டி ஒருவர், "அதெல்லாஞ் செரிங்க சாமி, ஆண்டவரு வேசம் யாருக்குங்க?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாயிற்று.

அவ்வமைதியின் பொருள் நமக்கு விளங்காமலில்லை. நன்கொடை அதிகம் தருபவரின் மகனுக்கா? சிவந்த நிறமும் நல்ல உயரமும் உடையவனுக்கா? காலனி இளைஞனுக்குக் கொடுத்தால் முணுமுணுப்பு எழாதா? வாய்விட்டுச் சொன்னவர் எவருமிலர். ஆயினும் பலர் நெஞ்சிலும் இருந்தது இதுவே.

திருச்சபையில் நாடகம் பீடத்தின் அருகே பிறந்தது. பத்தாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்டு துறவியருக்கென வகுத்த ஒழுங்கில் இதற்குச் சான்று உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவின் வைகறைச் செபத்தில், வெண்ணுடை அணிந்த ஒரு துறவி கையில் குருத்தோலையுடன் கல்லறையருகே அமர்வார். மூவர் தூபக் கலசம் ஏந்தி, ஆண்டவரைத் தேடும் பெண்களைப்போல் வருவர். நடித்தவரும் பார்த்தவரும் ஒருங்கே செபித்தவர்களே.

பவேரியாவில் ஒபராமெர்காவ் என்னும் சிற்றூர் இன்று உலகப் புகழ் பெற்றது. 1633-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சிய அவ்வூரார், ஆண்டவரின் பாடுகளைத் தவறாமல் நடித்துக் காட்டுவதாக நேர்ந்துகொண்டு, 1634-இல் முதன்முறையாக நடித்தனர். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் அந்நாடகம், 2020-இல் பெருந்தொற்றினால் தள்ளிப்போய், 2022-இல் நிறைவேறியது. அவ்வூரில் பிறந்தவரோ, 20 ஆண்டுகள் வாழ்ந்தவரோ மட்டுமே நடிக்கலாம். கூலிக்கு நடிகரை அழைப்பதில்லை.

அங்கும் "வேடம் யாருக்கு?" என்ற வழக்கு எழாமலில்லை. மணமான பெண்களும் 35 வயது கடந்த பெண்களும் மேடையேறலாகாது என்ற தடை, நீதிமன்றத்தின் வழியாக 1990-இல்தான் நீங்கிற்று. 2022-இல் யூதாசாக நடித்தவர் அவ்வூர் இஸ்லாமிய இளைஞர் ஒருவர். இதைவிடப் பெரிய குறையும் அந்நாடகத்தில் இருந்தது. யூதர் அனைவரையும் கொலைகாரராகக் காட்டிய அதன் பழைய வடிவத்தை இட்லர் போற்றிப் பேசினான். ஆண்டவரின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பழிக்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. நாடகமும் படிப்படியாகத் திருத்தப்பட்டது. பக்தியின் பெயரால் பகைமையும் மேடையேறக்கூடும் என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

அதே 1965-இல், யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் திருமறைக் கலாமன்றத்தை நிறுவினார். பாடுகளின் நாடகத்தை வளர்த்த அம்மன்றம், நாட்டுக்கூத்தையும் இசையையும் பேணியது. கத்தோலிக்கரல்லாத கலைஞரும் அதில் இணைந்தனர். போர்க்கால இன்னல்களுக்கிடையேயும் அதன் பணி தொடர்ந்தது. அடிகளார் 2021-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் காட்டிய வழி நமக்கு முன் இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன் பூப்பறிக்கச் செல்லும் பெண்கள் நம்மிடையே உண்டு. ஆகவே ஒத்திகை இரவு எட்டரைக்குள் முடியவேண்டும். திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால், மலைமேல் வாழும் குடும்பங்களுக்கெனப் பகற்காட்சி ஒன்றும் வேண்டும். பதிவு செய்த குரல் வேண்டாம். தழுதழுத்தாலும், இடையில் மறந்து நின்றாலும், நம்மவர் குரலே போதும். "தந்தையே, இவர்களை மன்னியும்" என்ற சொல்லை ஒருவன் நாற்பது முறை தன் வாயால் சொல்லிப் பழகினால், நாற்பது மறையுரைகள் தராத பயனை அது தரக்கூடும்.

ஆண்டவரின் வேடத்துக்கும் வழி உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர் சீட்டுக் குலுக்கியே தேர்ந்தனர். முதல் மாத ஒத்திகைக்குத் தவறாது வந்து, தெளிவாகப் பேசக்கூடியவர் அனைவரின் பெயரையும் எழுதிப் பீடத்தின் முன் குலுக்குவோம். எவர் பெயர் வந்தாலும் அவரே ஆண்டவர்.

அன்பு வாசகரே, இராவுணவுக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெரிய வீட்டு இளைஞன் ஆண்டவராக நின்று காலனி இளைஞனின் பாதங்களைக் கழுவினால், நாம் மனமுருகிக் கைதட்டுவோம், அது எளிது. காலனி இளைஞன் ஆண்டவராக நின்று, தன் கையால் அப்பத்தைப் பிட்டு, பெரிய வீட்டுச் சீடனுக்கு நீட்டும் நாளில், அவன் அதை வாங்கி மகிழ்வோடு உண்ணவேண்டும். கீழே அமர்ந்திருக்கும் அவன் பெற்றோரும் மகிழவேண்டும். மேடைக்கும் விளக்குக்கும் பணம் திரட்டுவது கடினமன்று. இந்த மனத்தைத் திரட்டுவதே, பெருவிழாவுக்கு முன் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் நடைபெற வேண்டிய ஒத்திகை.